பொதுநலன் யாருடைய நலன்? அமெரிக்க வலயச் சபையின் அதிகாரங்கள் பற்றி

சுதந்திர வர்த்தக வலயம் என்ற பேச்சை எடுத்தவுடன் எம்மவர் மத்தியில் இரண்டு குரல்கள் எழுகின்றன. முதலாவது குரலுக்குக் கட்டுநாயக்கா ஞாபகம் வந்துவிடும். வலயம் என்பது பன்னாட்டு மூலதனத்துக்கு எழுதிக் கொடுத்த காணி, அங்கே சட்டமில்லை, உழைப்பவர் கொத்தடிமைகள் என்று அது தீர்ப்புச் சொல்லும். இரண்டாவது குரல் அமெரிக்காவில் இருபது முப்பது வருடம் வாழ்ந்து வீடும் வாகனமும் கண்டவர்களுடையது. இங்கும் வலயங்கள் உண்டுதானே, இங்கே யார் அடிமையாக இருக்கிறார்கள், பரந்தனிலும் மாங்குளத்திலும் இப்படி ஒன்று வந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமே என்று அது கேட்கும். இரண்டு குரல்களுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. வலயத்தை ஆளும் சபைக்குச் சட்டம் என்ன அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது என்பதை இரு தரப்பாரும் வாசிப்பதில்லை.

நான் முன்பு ஈழத்தில் அரசறிவியல் படிப்பித்தவன். இப்போது வடக்கு நியூஜேர்சியில் வலய அனுமதி பெற்ற ஒரு தொழிற்சாலையில் வாசனைத் திரவியப் போத்தல்களுக்கு லேபல் ஒட்டிப் பெட்டியில் அடுக்கும் வரிசையில் நிற்கிறேன். சட்டங்களை வாசிக்கும் பழக்கம் முதலாவது தொழிலில் வந்தது. இந்தச் சட்டத்தை வாசிக்கும் தேவை இரண்டாவது தொழிலில் வந்தது. 1934ஆம் ஆண்டின் வெளிநாட்டு வர்த்தக வலயங்கள் சட்டம் பெரிய நூலன்று. ஏறத்தாழ இருபது பிரிவுகள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வாசித்து முடிக்கலாம். ஒரு கவிதையையோ நாவலையோ விமர்சிக்கும்போது எந்தச் சொல் எங்கே நிற்கிறது, வரவேண்டிய எந்தச் சொல் வராமல் விடப்பட்டது என்று பார்க்கிறோம். சட்டப் பிரதியையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்த வாசிப்பில் நான் கண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க வலயச் சபையின் அதிகாரம் எம்மில் பலர் நினைப்பதிலும் சிறியது. தொழிலாளருக்குள்ள சட்டப் பாதுகாப்பைத் தொட்டுப் பார்க்கவும் அதற்கு உரிமை இல்லை. ஆனால் அது எடுக்கும் முக்கியமான தீர்மானங்கள் யாவும் 'பொதுநலன்' என்ற சொல்லின் மேல் நிற்கின்றன. அந்தப் 'பொது'வுக்குள் வலயத்தில் உழைப்பவருக்கு இடம் எழுதப்படவில்லை. கொழும்பில் 1978இல் எழுதப்பட்ட சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதலாவது விடயம் தெளிவாகும். இரண்டாவது விடயம் வடக்குக் கிழக்கின் எதிர்காலத்தோடு தொடர்புடையது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

1

1930இல் அமெரிக்கா தனது இறக்குமதித் தீர்வையை வானளவுக்கு உயர்த்தியது. பெருமந்தம் உலகை விழுங்கிக்கொண்டிருந்த காலம். வெளிநாட்டுப் பொருளைக் கொண்டுவந்து, தரம் பிரித்து, மீளப் பொதிசெய்து வேறு நாட்டுக்கு அனுப்பும் வணிகம் தீர்வைச் சுவரில் மோதி நின்றது. அந்தச் சுவரை இடிக்காமல் அதிலே ஒரு வாசலை மட்டும் வைப்பதற்கு வந்ததே 1934 ஜூன் 18இல் கையெழுத்தான இந்தச் சட்டம். வலயத்துக்குள் வரும் வெளிநாட்டுப் பொருள், தீர்வையைப் பொறுத்தவரை, நாட்டுக்குள் வராத பொருளாகக் கருதப்படும். வலயத்தை விட்டு உள்நாட்டுச் சந்தைக்கு வெளியேறும்போது மட்டும் வரி. மறுபடி கப்பலேறினால் வரியே இல்லை. முதலாவது வலயம் 1937இல் நியூயோர்க்கின் ஸ்ரேற்றன் தீவில் திறக்கப்பட்டது.

வலயங்களை அனுமதிக்க ஒரு சபை அமைக்கப்பட்டது. வர்த்தகச் செயலர் தலைவர். திறைசேரிச் செயலரும் போர்ச் செயலரும் அங்கத்தவர்கள். போர்ச் செயலரின் இடத்துக்குப் பின்னர் இராணுவச் செயலர் வந்தார். 1996இல் அந்த இடமும் நீக்கப்பட்டு, இன்று சபையில் இருப்பவர்கள் இருவரே. ஒருவர் வணிகத்தைப் பார்ப்பவர், மற்றவர் வரியைப் பார்ப்பவர். தொழிற் செயலர் தொடக்கத்திலும் இருக்கவில்லை, இன்றும் இல்லை.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் புரூக்ளின் பிரதிநிதி இமானுவேல் செல்லர். இந்தப் பெயர் எம்மவருக்குப் பரிச்சயமாக இருக்க வேண்டும். ஆசியர்களுக்கு அமெரிக்காவின் கதவைத் திறந்த 1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் இருப்பதும் அதே செல்லரின் பெயர்தான். 1934இல், 1924ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆசியர்கள் அநேகமாக இந்த நாட்டில் குடியேற முடியாது. ஆசியப் பொருளுக்கோ செல்லர் வாசல் வைத்துவிட்டார். பொருளுக்குக் கிடைத்த வாசல் ஆளுக்குக் கிடைக்க முப்பத்தொரு வருடம் சென்றது. செல்லரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. 1924ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆரம்பத்திலேயே எதிர்த்தவர் அவர். அவர் எழுதிய இரண்டு சட்டங்களுக்கும் இடையிலுள்ள தூரம், மூலதனத்தின் உலகம் எந்த ஒழுங்கில் திறக்கிறது என்பதைக் காட்டுகிறது. முதலில் பண்டம், பிறகு மனிதர்.

2

சபைக்குள்ள அதிகாரங்களைச் சுருக்கமாகப் பார்ப்போம். சுங்க நுழைவிடம் ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு வலயத்துக்கு உரித்துடையது. மாநிலம், மாநகரம், துறைமுக அதிகாரசபை போன்ற பொது அமைப்புகளோ இதற்கென மாநிலச் சட்டப்படி அமைந்த கூட்டுத்தாபனங்களோ விண்ணப்பிக்கலாம். நியூயோர்க் நியூஜேர்சித் துறைமுக அதிகாரசபை 1979இல் 49ஆம் இலக்க வலயத்தைப் பெற்றதும், அதற்கு முன் 1948இல் சான் பிரான்சிஸ்கோ 3ஆம் இலக்க வலயத்தைப் பெற்றதும் இவ்வாறே. இன்று 200 அளவிலான வலயங்கள் இயங்குகின்றன. ஒரு தனித் தொழிற்சாலையையே உபவலயமாக்கும் வழியைச் சபை 1952இல் தனது விதிகளின் மூலம் உண்டாக்கிக்கொண்டது.

1934இல் வலயத்துக்குள் உற்பத்தி செய்வதற்குத் தடை இருந்தது. 1950இல் அந்தத் தடையை நீக்கினார்கள். வலயம் களஞ்சியமாக இருந்த நிலை மாறித் தொழிற்சாலையானது அன்றுதான். அதனோடு சபையின் உண்மையான அதிகாரமும் பிறந்தது. ஓர் உதிரிப்பாகத்துக்கு 4 வீதத் தீர்வை, அதைக்கொண்டு செய்த முழுப்பொருளுக்குத் தீர்வையில்லை என்று வைத்துக்கொள்வோம். வலயத்துக்கு வெளியே உள்ள தொழிற்சாலை பாகத்துக்கு 4 வீதம் கட்ட வேண்டும். வலயத்துக்குள் இருப்பது முழுப்பொருளின் வீதத்தைத் தெரிவுசெய்து ஒன்றும் கட்டாமல் விடலாம். எந்தக் கம்பனி எந்தப் பொருளை, எந்தப் பாகங்களைக் கொண்டு இவ்வாறு செய்யலாம் என்று அனுமதிப்பது சபை. 2012இல் திருத்தப்பட்ட விதிகளின்படி கம்பனி முன்னறிவித்தல் கொடுத்தால் 120 நாட்களுக்குள் சபை தீர்மானிக்கும். வளைகுடாப் பகுதியில் மின்னணுத் துறையில் வேலைசெய்யும் எமது வாசகர்களின் கம்பனிகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

இவற்றோடு, கணக்குகளையும் ஆண்டறிக்கைகளையும் கேட்பது, விதிகள் இயற்றுவது, தண்டம் விதிப்பது, வேண்டுமென்றே திரும்பத்திரும்பச் சட்டத்தை மீறும் வலயத்தின் அனுமதியை இரத்துச்செய்வது ஆகியனவும் சபையின் கையில் உண்டு. ஆனால் இரத்துச் செய்வதற்கு நான்கு மாத அறிவித்தல் வேண்டும். விசாரணை வேண்டும். பாதிக்கப்படும் தரப்பு சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். அதிகாரத்தைக் கொடுத்த கையே அதற்கு எல்லையையும் எழுதியிருக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமான எல்லை, வலயம் எதற்கு வெளியே நிற்கிறது என்பதில் உள்ளது. சுங்கச் சட்டங்களுக்கு வெளியே என்கிறது சட்டம். வேறு எந்தச் சட்டத்துக்கும் வெளியே என்று சொல்லவில்லை. 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழில் உறவுச் சட்டம், 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழில் நியமச் சட்டம், 1970ஆம் ஆண்டின் தொழிற் பாதுகாப்பு மற்றும் சுகாதாரச் சட்டம் மூன்றும் வலய வேலிக்குள் முழுமையாகச் செல்லுபடியாகும். மாநிலச் சட்டமும் அப்படியே. ஏஜென்சி மூலம் வரும் தற்காலிகத் தொழிலாளருக்கு, அதே வேலையைச் செய்யும் நிரந்தரத் தொழிலாளரின் சராசரிக்குக் குறையாத ஊதியம் கொடுக்க வேண்டும் என்று நியூஜேர்சி 2023இல் ஒரு சட்டம் இயற்றியது. களஞ்சிய வேலையும் உற்பத்தி வேலையும் அதற்குள் அடங்கும். வலயச் சபை நினைத்தாலும் அந்தச் சட்டத்திலிருந்து ஒரு கம்பனிக்கு விலக்குக் கொடுக்க முடியாது.

இதைப் புத்தக அறிவுக்காகச் சொல்லவில்லை. நான் நிற்கும் வரிசையில் கோடைகாலத்தில் அற்ககோல் ஆவி கடுமையாக இருக்கும். ஒருநாள் ஒரு பெண்ணுக்குத் தலைசுற்றியது. காற்றோட்டம் பற்றி யாருக்கு முறையிடுவது என்று கேட்டோம். இது வலயம், இங்கே சட்டம் வேறு, வோஷிங்டனில்தான் கேட்க வேண்டும் என்றார் மேற்பார்வையாளர். குவாத்தமாலாக்காரரும் ஹெயிற்றிக்காரரும் குஜராத்திகளும் நானும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். பலர் நம்பினார்கள். அவர் பொய் சொன்னாரா, தானும் நம்பித்தான் சொன்னாரா தெரியாது. ஆனால் சட்டம் கொடுக்காத ஓர் அதிகாரத்தை அந்த ஒரு வசனம் உண்டாக்கிவிட்டது. எம்மிடையே முதலாவது குரலாகப் பேசும் நண்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். வலயத்தில் சட்டமில்லை என்று நாம் மேடையில் முழங்கும்போது, அந்த மேற்பார்வையாளரின் வசனத்தையே வேறு குரலில் சொல்கிறோம். சட்டம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

3

இப்போது கொழும்புக்கு வருவோம். ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் அரசாங்கம் 1978ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழுவை உண்டாக்கியது. ஜே.ஆரின் உறவினரும் பெருமுதலாளியுமான உபாலி விஜயவர்த்தன அதன் முதலாவது பணிப்பாளர் நாயகம். கட்டுநாயக்கா வலயம் அதன் கீழ்தான் வந்தது. இந்தச் சட்டத்தின் இதயம் 17ஆம் பிரிவு. ஆணைக்குழு ஒரு கம்பனியோடு ஒப்பந்தம் செய்து, அட்டவணையில் உள்ள சட்டங்களை அந்தக் கம்பனிக்குப் பொருந்தாமற் செய்யலாம். உண்ணாட்டு இறைவரிச் சட்டம், சுங்கக் கட்டளைச் சட்டம், நாணயமாற்றுக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆகியன அந்த அட்டவணையில் இருந்தன.

அமெரிக்கச் சட்டத்தோடு ஒப்பிடுங்கள். அங்கே காங்கிரஸ் தானே எழுதிய ஒரு விலக்கு. அது எல்லா வலயத்துக்கும் ஒன்றுபோல. இங்கே பாராளுமன்றம் இயற்றிய சட்டங்களைக் கம்பனிக்குக் கம்பனி ஒப்பந்தத்தால் அணைத்துவிடும் ஆழி ஓர் ஆணைக்குழுவின் கையில். இத்தகைய ஒப்பந்தங்களுக்குக் காவலாக 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் 157ஆம் உறுப்புரையும் வந்தது. வெளிநாட்டு முதலீட்டைப் பாதுகாக்கும் உடன்படிக்கையைப் பாராளுமன்றம் மூன்றிலிரண்டு பெரும்பான்மையால் ஏற்றால், தேசிய பாதுகாப்புக் காரணமன்றிப் பின்னர் அதை மீறிச் சட்டம் இயற்ற முடியாது. தமிழருக்குச் சுயாட்சி கொடுப்பதற்கு இடமில்லாத ஒற்றையாட்சி அரசியலமைப்பில், மூலதனத்துக்கு இறைமையைப் பகிர்ந்து கொடுக்க இடம் இருந்தது. இந்த முரண்பாட்டை நாம் இன்னும் போதியளவு விவாதிக்கவில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1978ஆம் ஆண்டின் அந்த அட்டவணையில் தொழிற்சட்டங்கள் இல்லை. காகிதத்தில் கட்டுநாயக்காவுக்கும் நாட்டின் தொழிற்சட்டமே. ஆனால் வாசலில் அனுமதிச் சீட்டு இருந்தது. தொழிற்சங்கக்காரர் உள்ளே போக முடியவில்லை. கிராமங்களிலிருந்து வந்த சிங்களப் பெண்பிள்ளைகள் 1984இல் 'தாபிந்து' என்ற பத்திரிகையை வலயத்துக்கு வெளியே, விடுதி அறைகளைச் சுற்றி நடத்தியதன் காரணம் அதுதான். அந்தப் பெயருக்கு வியர்வைத் துளி என்று பொருள். அதாவது, விலக்குக் கொடுக்காமலேயே ஒரு சட்டத்தைச் சாகவிட வேலியும் காவலாளியும் போதும். 1992இல் ஆணைக்குழு முதலீட்டுச் சபை என்று பெயர் மாறியது. 1999இல் தொழிற் பிணக்குச் சட்டத்தைத் திருத்தி, 40 வீதத் தொழிலாளரைக் கொண்ட சங்கத்தோடு பேச மறுப்பது குற்றமாக்கப்பட்டது. 2011 மே 30இல் ஓய்வூதிய மசோதாவுக்கு எதிராக எழுந்த கட்டுநாயக்காத் தொழிலாளர் மீது பொலிஸ் சுட்டது. 22 வயதான ரொஷேன் சானக்க இறந்தார். மசோதா கைவிடப்பட்டது. அந்தப் பிரேதத்தின் விலையில்தான் வலயம் என்ற இடம் நாட்டின் அரசியலுக்குள் மீண்டும் வந்தது.

1978இல் அட்டவணைக்கு வெளியே நின்ற தொழிற்சட்டம் 2021இல் உள்ளே வந்துவிட்டது. கொழும்புத் துறைமுக நகரப் பொருளாதார ஆணைக்குழுச் சட்டம், 2021ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கம், விலக்களிக்கத்தக்க சட்டங்களின் அட்டவணையில் 1971ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தல் சட்டத்தையும் சேர்த்தது. தொழிலாளியை நினைத்தவுடன் வெளியேற்ற முடியாதபடி காத்த சட்டம் அது. விலக்குகள் 40 வருடம் வரை செல்லலாம். மசோதாவின் பல வாசகங்கள் அரசியலமைப்போடு பொருந்தவில்லை என்று உயர் நீதிமன்றம் சொல்ல, திருத்தங்களோடு அது நிறைவேறியது. அட்டவணை நீண்டுகொண்டே போகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

4

சொற்களை மட்டும் வாசித்தால் ஏமாறுவோம் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்கச் சட்டம் வலயத்தைப் 'பொதுப் பயன்பாட்டுச் சேவை'யாக நடத்த வேண்டும் என்கிறது. அதன் பொருள், வலயத்தைப் பயன்படுத்த வரும் எல்லோருக்கும் ஒரே நியாயமான கட்டணம், ஒரே நடத்துகை என்பது. இந்தியாவின் 2006ஆம் ஆண்டுச் சிறப்புப் பொருளாதார மண்டல விதிகளிலும் இதே சொல் இருக்கிறது. மண்டலத்தைப் பொதுப் பயன்பாட்டுச் சேவையாக அறிவிக்கும்படி அவை மாநில அரசுகளிடம் கேட்டன. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தின் கீழ் அதன் விளைவு என்ன? முன்னறிவித்தல் இல்லாத வேலைநிறுத்தம் சட்டவிரோதம். ஒரே சொல் அமெரிக்காவில் வலயத்தை நடத்துபவரைக் கட்டுகிறது. இந்தியாவில் வலயத்தில் உழைப்பவரைக் கட்டியது. எனவே எந்தச் சொல் என்பதோடு, யாரை நோக்கி அந்தச் சொல் என்றும் கேட்க வேண்டும்.

அதே கேள்வியைப் 'பொதுநலன்' என்ற சொல்லிடம் கேட்போம். 15ஆம் பிரிவில் ஒரு வாசகம் உண்டு. பொதுநலனுக்கோ சுகாதாரத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடானது என்று சபை கருதும் எந்தப் பொருளையும் எந்தச் செய்முறையையும் எந்த நேரமும் வலயத்திலிருந்து விலக்க அது உத்தரவிடலாம். முழுச் சட்டத்திலும் தொழிலாளியின் உடலுக்கு மிகக் கிட்ட வரும் வாசகம் இதுதான். நான் நிற்கும் வரிசையில் எழும் ஆவி ஒரு 'செய்முறை'யின் விளைவு. தலைசுற்றி உட்கார்ந்தவரின் உடல் 'சுகாதாரம்'. ஆனால் அந்த வாசகத்தைத் தட்டி எழுப்பும் உரிமை யாருக்கு என்று சட்டம் தொழிலாளியைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. கருதுவது சபை. தட்டுவது யார்?

தட்டியவர்களைப் பாருங்கள். லூசியானாவில் ஒரு படகு கட்டும் நிறுவனம் வெளிநாட்டு உருக்கைக்கொண்டு சரக்குப் படகுகள் கட்டச் சபை உபவலயம் கொடுத்தது. அதை எதிர்த்து வழக்காடியது ஆர்ம்கோ என்ற உருக்குக் கம்பனி. 1970இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சபையின் பக்கம் நின்றது. பொதுநலன் எது என்று எடைபோடும் விரிந்த இடம் சபைக்கு உறுதியானது. அந்த வழக்கு மூலதனத்துக்கும் மூலதனத்துக்கும் இடையிலானது. ரெக்சாஸைப் பாருங்கள். 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வலயத்தில் வைத்திருக்கும் இறக்குமதிச் சரக்குக்கும் ஏற்றுமதிக்கான சரக்குக்கும் உள்ளூர்ச் சொத்துவரி இல்லை. சரக்கிருப்புக்கு வரி அறவிடும் ரெக்சாஸில் இதனால் வருமானம் இழப்பவை ஊராட்சிகளும் பாடசாலை மாவட்டங்களும். ஆகவே அவற்றின் கருத்து விண்ணப்பத்தோடு சபையின் முன் வைக்கப்பட வேண்டும். இது நல்ல ஏற்பாடு. பாதிக்கப்படுபவரைக் கேட்க வேண்டும் என்ற தத்துவம் இந்தச் சட்டத்துக்குப் புதிதல்ல என்பதையும் அது காட்டுகிறது. வரியை இழக்கும் பள்ளிக்கூடத்தைக் கேட்கிறார்கள். ஆவியைச் சுவாசிப்பவரைக் கேட்பதில்லை.

தொழிலாளர் முற்றாக இல்லாமலும் இல்லை. உற்பத்தி அனுமதியை ஆராயும்போது சபை பார்க்கும் காரணிகளில் வேலைவாய்ப்பும் ஒன்று. காங்கிரசுக்குப் போகும் ஆண்டறிக்கையில் வலயங்களில் ஐந்து இலட்சம் பேர் அளவில் வேலைசெய்கிறார்கள் என்று எண்ணிக்கை வருகிறது. நாமும் அதற்குள் இருக்கிறோம், எண்ணாக. வலயத்துக்குள் வரும் பண்டத்துக்கு அந்தஸ்து உண்டு: சலுகைபெற்ற வெளிநாட்டுப் பொருள், சலுகைபெறாத வெளிநாட்டுப் பொருள், உள்நாட்டுப் பொருள் என்று வகைபிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிமை எழுதியிருக்கிறார்கள். அகதி அந்தஸ்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்த எம்மில் யாரும் அந்தப் பட்டியலைப் பொறாமையின்றி வாசிக்க முடியாது. 1980இல் திறைசேரி இன்னொரு முடிவையும் எடுத்தது. வலயத்துக்குள் உழைப்பால் சேர்ந்த பெறுமதிக்குத் தீர்வை இல்லை. எமது உழைப்பு பெறுமதியை உண்டாக்குகிறது என்பதை அரசே ஒப்புக்கொண்ட இடம் அது. அந்த ஒப்புதலின் பலன் கம்பனியின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.

5

இரண்டாவது குரலாகப் பேசும் நண்பர்களுக்கும் ஒரு சொல். அமெரிக்காவில் ஒழுங்கான சபையும் ஒழுங்கான விதியும் இருக்கிறதே என்று நிம்மதியடைய வேண்டாம். 2018இல் சீனப் பொருட்கள் மீதும் உருக்கு, அலுமினியம் மீதும் மேலதிகத் தீர்வை வந்தபோது, அந்தப் பொருட்கள் 'சலுகைபெற்ற வெளிநாட்டுப் பொருள்' என்ற அந்தஸ்தில் மட்டுமே வலயத்துக்குள் வரலாம் என்று விதித்தார்கள். பெயரில் சலுகை இருந்தாலும் அதன் பொருள், உள்ளே வரும்போதிருந்த வீதம் உறைந்துவிடும் என்பது. வீதத்தைத் தெரிவுசெய்யும் வசதி போய்விடும். 2025 ஏப்ரலில் வந்த ஜனாதிபதி உத்தரவு அதையே ஏறத்தாழ எல்லா நாடுகளின் பொருட்களுக்கும் விரித்தது. சபை 120 நாள் ஆராய்ந்து கொடுத்த அனுமதியின் பயனை ஒரு கையெழுத்து விழுங்கியது. அந்தக் கணக்கின் மேல் ஆட்களை எடுத்த கம்பனிகள் ஷிப்டுகளைக் குறைத்தால், பேச்சுவார்த்தைக்கு உட்கார எமக்கு எந்த மேசையும் இல்லை. சபையிடம் அதிகாரம் இருந்த காலத்திலும் அந்த மேசை இருக்கவில்லை.

இனி எமது மண். பரந்தன், மாங்குளம், காங்கேசன்துறை ஆகிய இடங்களில் முதலீட்டு வலயங்கள் அமைப்பது பற்றிக் கொழும்பு அண்மைய ஆண்டுகளில் பேசிவருகிறது. போரில் மூடப்பட்ட இரசாயனத் தொழிற்சாலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் இருந்த இடங்கள் அவற்றுள் அடங்கும். புலம்பெயர்ந்த பொருளியலாளரும் பொறியியலாளரும் ஆலோசனைப் பத்திரங்கள் எழுதுகிறார்கள். எழுதத்தான் வேண்டும். வேலை இல்லாத இளைஞரும் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்களும் நிறைந்த மாவட்டங்கள் அவை. வலயம் வேண்டாம் என்று நியூஜேர்சியில் இருந்து சொல்வது எனக்கு எளிது. கிளிநொச்சியில் இருப்பவருக்கு எளிதல்ல.

ஆனால் எமது மக்களுக்கு 'வலயம்' என்ற சொல் முதலில் அறிமுகமானது முதலீட்டோடு அல்ல. வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்தவர்களின் வீடுகள் நின்ற நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது. 2009இல் வன்னியில் மக்களைப் போகச் சொன்ன இடத்துக்குப் பெயர் பாதுகாப்பு வலயம். அமெரிக்கச் சட்டத்தில், சபை அவசியமென்று கருதும் அரச உத்தியோகத்தரைத் தவிர வேறெவரும் வலயத்துக்குள் குடியிருக்கக் கூடாது என்று ஒரு வாசகம் உண்டு. நியூவார்க் துறைமுகத்தில் அது சாதாரண நிர்வாக விதி. காங்கேசன்துறையில் அதே வாசகத்தை எழுதினால், தன் வளவுக்குத் திரும்ப முப்பத்தைந்து வருடம் காத்திருப்பவருக்கு அது இன்னொரு முட்கம்பி.

ஆகவே ஆலோசனைப் பத்திரம் எழுதும் நண்பர்கள் வரிச்சலுகை எத்தனை வருடம் என்ற பகுதியை எழுதுமுன், சபையின் அதிகாரம் என்ற பகுதியை எழுத வேண்டும். நான்கு விடயங்களை விவாதத்துக்கு முன்வைக்கிறேன். ஒன்று, வலயம் சுங்கச் சட்டத்துக்கு மட்டும் வெளியே; விலக்குகளைச் சட்டமே எழுத வேண்டும், ஒப்பந்தத்தில் எழுதக்கூடாது, எந்தத் தொழிற்சட்டமும் அட்டவணைக்குள் வரக்கூடாது. இரண்டு, வலயத்தின் வாசல் தொழிற்சங்கத்துக்கும் தொழிற் பரிசோதகருக்கும் அனுமதிச் சீட்டின்றித் திறந்திருக்க வேண்டும். மூன்று, சுகாதாரம், பாதுகாப்பு, பொதுநலன் என்ற சொற்கள் எந்த வாசகத்தில் வந்தாலும், வலயத்தில் வேலைசெய்யும் எவரும் அதன் கீழ் முறையிடலாம், சபை விசாரித்துக் காரணத்தோடு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று அடுத்த வரியில் இருக்க வேண்டும். நான்கு, காணிக்கு உரித்துள்ளவர் திரும்பும்வரை அந்தக் காணியை வலயத்துக்குள் அடக்கும் அதிகாரம் சபைக்கு இல்லை.

இவை புரட்சிகரமான கோரிக்கைகள் அல்ல என்று சில தோழர்கள் சொல்வார்கள். உண்மைதான். முதலாவதும் ஓரளவு இரண்டாவதும் அமெரிக்காவில் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளவை. மூன்றாவது இங்கும் இல்லை, அங்கும் இல்லை. அதற்காக இங்கே வலயத்தில் உழைப்பவர்களும் அங்கே வலயத்தை எதிர்பார்த்து நிற்பவர்களும் சேர்ந்து பேசலாம். அந்தப் பேச்சில் கட்டுநாயக்காவின் சிங்களப் பெண்களும் இருக்க வேண்டும். வலயச் சபையின் அதிகாரம் எங்கே முடிகிறது என்பதை எம்மில் எவருக்கும் முன்பே, உடலால் அறிந்தவர்கள் அவர்கள்.